கூடப் பாடுகிறவள்

போன வருஷம் மே மாதத் தொடக்கத்தில் துங்கநாத் போயிருந்தேன். உத்தராகண்டில் சோப்தா வரைக்கும்தான் வண்டி போகும். அங்கிருந்து கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். கோயில் இருப்பது கிட்டத்தட்ட 3,680 மீட்டர் உயரத்தில். வழியிலேயே மரங்கள் தீர்ந்துபோய்விடும், அதற்கு மேல் குட்டைப் புல், பாறை, பாறை இடுக்கில் அழுக்குப் பனி. ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்து பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் அந்தப் பறவை வந்தது. வந்தது என்றால் பறந்து வரவில்லை, நடந்து வந்தது. கல்லுக்குக் கல் தாவி, நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி நடந்து, என் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருந்த தூளைக் கொத்தியது.

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் தலை, சாம்பல் நெஞ்சு. விலாப்பக்கம் செங்கல் நிறத்தில் தீற்றல். கிட்டத்தில் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி தொண்டையில் பொடிப்பொடியாகக் கறுப்பு வெள்ளைப் புள்ளி, அலகின் அடியில் ஒரு மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையின் ஒரு துண்டு எழுந்து நடக்கிற மாதிரிதான் இருக்கும். பெயர் ஆல்பைன் ஆக்சென்டர் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஸ்பெயின் மலைகளிலிருந்து ஆல்ப்ஸ், இமயமலை, ஜப்பான், தைவான் வரைக்கும், மரம் வளராத உயரத்துப் பாறைச் சரிவுகளில் வாழ்கிறது. ஸ்கோபோலி என்பவர் 1769இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். தைவானில் யூஷான் சிகரத்தின் உச்சியில் மலையேறிகளின் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதும் இதே பறவைதான்.

அன்று சாயங்காலம் ஒரு போட்டோவும் நாற்பது வினாடி வீடியோவும் போட்டேன். கூடவே ஒரு வாசகம். அதை இங்கே திரும்பச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை உயரத்தில் வாழ்ந்தும் பகட்டில்லாத உடை, தரையை விட்டு எழாத பணிவு, மலை கற்றுத்தரும் அடக்கம். இப்படி. நல்ல வரவேற்பு. இதயம் இதயமாகக் கொட்டினார்கள். ஒரே ஒரு தோழி மட்டும் தனியாக மெசேஜ் பண்ணினாள். “நீ அங்க பறவையப் பாத்தியா, இல்ல உங்க அத்தையப் பாத்தியா?”

என் அத்தையை அவளுக்குத் தெரியும். கல்லூரிக்கு நான் சாம்பல் நிறச் சுடிதார் போட்டுக்கொண்டு போன நாட்களில் மட்டும் “இன்னிக்குத்தான் புள்ள அடக்கமா இருக்கு” என்று சொல்வார். அடுத்த மெசேஜில் அவள் ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பினாள். 1996இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஆல்பைன் ஆக்சென்டரில் பெண்ணின் பாட்டு ஆண்களை ஈர்க்கிறது’. ஆண்களை. பன்மை. நான் எழுதிய வாசகத்தைத் திறந்து மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

எனக்கு முன்னாலேயே இதே தப்பைச் செய்து புகழ்பெற்ற ஒருவர் இருக்கிறார். பிரான்சிஸ் ஆர்பன் மோரிஸ். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாதிரியாராக இருந்தவர். 1850களில் பிரிட்டிஷ் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகளாக எழுதினார். வண்ணப் படங்களோடு வந்த அந்தப் புத்தகம் நன்றாக விற்றது, நிறைய வீடுகளுக்குள் போனது. ஆல்பைன் ஆக்சென்டருக்கு டன்னக் என்று ஒரு சொந்தக்காரப் பறவை உண்டு, ஒரே பேரினம். அது இங்கிலாந்தின் தோட்டங்களில், வேலிப் புதர்களின் அடியில் தத்தித் திரியும் பழுப்புக் குருவி. மோரிஸுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆர்ப்பாட்டமில்லாதது, அமைதியானது, நடையிலும் உடையிலும் எளிமை, ஆனாலும் சுத்தமும் நேர்த்தியும் உண்டு என்று எழுதிவிட்டு, பெரிய மனிதர்களும் இதைப் பார்த்து நடந்துகொண்டால் அவர்களுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்ல முன்மாதிரி என்று முடிக்கிறார்.

நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதே டன்னக்குகளைக் கவனிக்க ஆரம்பித்தார். 1983இல் முதல் கட்டுரை, 1992இல் ஒரு முழுப் புத்தகம். அவர் கண்டதில் ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாக வாழ்ந்த ஜோடிகளும் உண்டு. ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும், ஒரு ஆணும் இரண்டு பெண்களும், இரண்டு ஆணும் இரண்டு பெண்ணும் என்று எல்லாக் கணக்கும் உண்டு. மூத்த ஆண் பெண்ணை நிழல்போலத் தொடர்வான். அவன் கண் அசந்த நேரம் அவள் புதருக்குள் புகுந்து இளைய ஆணைத் தேடிப் போவாள். சேர்வதற்கு முன்னால் ஆண் அவள் பின்புறத்தை இரண்டு நிமிஷம் வரைக்கும்கூட அலகால் கொத்திக்கொண்டிருப்பான், முன்பு வாங்கியிருந்த விந்தை அவள் வெளியேற்றும்வரை. மோரிஸின் சபை மக்கள் அவர் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் யார்க்‌ஷயர் என்ன ஆகியிருக்கும் என்று பறவை ஆய்வு உலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நானும் சிரித்தேன். அப்புறம் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மலிவானது என்று தோன்றியது. மோரிஸ் பறவைகளைப் பார்க்காதவர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர், பறவைகளைச் சுட்டுத் தள்ளுவதற்கு எதிராகக் குரல் கொடுத்தவர். டன்னக்கின் நிறம், நடை, ஒதுங்கிப் போகிற சுபாவம் என்று அவர் எழுதிய தகவல்களில் பிழை இல்லை. அவருக்கும் டேவிஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்னது. வளையம். டேவிஸ் ஒவ்வொரு பறவையின் காலிலும் வெவ்வேறு நிறச் சேர்க்கையில் வளையம் மாட்டினார். வளையம் இல்லாமல் பார்த்தால் புதருக்கடியில் எப்போதும் இரண்டு பழுப்புக் குருவிகள் தத்திக்கொண்டிருக்கும். ஆகா, புருஷனும் பெண்டாட்டியும் என்று மனசு முடிவு கட்டிவிடும். வளையம் மாட்டியபிறகுதான் காலையில் இருந்த இரண்டும் மத்தியானம் இருந்த இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும். ஆளை அடையாளம் தெரியாதவரைக்கும் எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம்தான். (அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.)

டன்னக்கை முடித்துவிட்டு டேவிஸும் அவரோடு இருந்தவர்களும் மலைக்குப் போனார்கள். பிரான்ஸ் பக்கத்துப் பிரனீஸ் மலைத்தொடர், மரம் முடிந்த பிறகு வரும் பாறைச் சரிவுகள், ஆல்பைன் ஆக்சென்டர். 1995இல் அவர்கள் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை நான் ஒரு வாரம் வைத்திருந்து வாசித்தேன். புள்ளியியல் பகுதிகளைத் தாண்டிக் குதித்துத்தான். மிச்சமிருப்பதை ஒரு நாவலின் சுருக்கம்போல வாசிக்க முடிகிறது.

அந்த உயரத்தில் கோடை குறுகியது. பனி உருகி உருகி அங்கங்கே திட்டாகத் தரை வெளிப்படும், பூச்சியும் விதையும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கிடைக்கும். ஒரு பெண் இரை தேடிச் சுற்றுகிற பரப்பை ஒற்றை ஆணால் கட்டிக் காக்க முடியாது. அதனால் சில ஆண்களும் சில பெண்களும் சேர்ந்த கூட்டமாக ஒரே சரிவைப் பங்கு போட்டு வாழ்கின்றன. ஆண்களுக்குள் வரிசை உண்டு, மேலே ஒருவன், அவனுக்குக் கீழே இன்னொருவன், இப்படி. பெண் ஒவ்வொன்றும் பாறை இடுக்கில் தனித்தனியாகக் கூடு கட்டி, நீல நிறத்தில் மூன்று நான்கு முட்டை இடுகிறது. முட்டை இடும் நாட்கள் நெருங்கும்போது தலைவன் அவள் பின்னாலேயே போகிறான், மற்றவர்களை விரட்டுகிறான். அவளோ கூட்டத்தின் எல்லா ஆண்களையும் தானே தேடிப் போகிறாள். வாலைத் தூக்கி, சிவந்து வீங்கியிருக்கும் துளையைக் காட்டி அழைக்கிறாள். சாம்பல் உடைக்காரியின் உடம்பில் ஒரே பளிச்சென்ற நிறம் அதுதான். அதைத்தான் நான் பணிவு என்று எழுதியிருக்கிறேன்!

எதற்காக இத்தனை பாடு? குஞ்சுக்கு இரை கொண்டுவர ஆள் வேண்டும். எந்தப் பெண்ணோடு சேர்ந்தானோ அந்தப் பெண்ணின் கூட்டுக்குத்தான் ஆண் இரையோடு வருவான். இரண்டு ஆண்களோடு சேர்ந்தால் இரண்டு பேர் வர வாய்ப்பு உண்டு. ஒரே கூட்டில் உள்ள குஞ்சுகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பதை டிஎன்ஏ சோதனை காட்டியது. ஆனால் பக்கத்துப் பாறையில் இருக்கும் பெண்ணுக்கும் அதே ஆண்கள்தான் வேண்டும். ஆகவே பெண்களுக்குள்ளும் போட்டி, விரட்டல், கொத்தல்.

இங்கேதான் பாட்டு வருகிறது. அந்த 1996ஆம் வருஷக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நவோமி லாங்மோர், பெண். கூட எழுதியவர்களில் டேவிஸும் உண்டு. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தப் பறவையில் பெண்ணும் பாடுகிறது, ஏன் பாடுகிறது? பதிலும் எளிமையாகத்தான் வந்தது. முட்டை இடுவதற்கு முந்தைய, கருத்தரிக்கக்கூடிய நாட்களில்தான் அவள் பாடுகிறாள். ஆண் ஒருவன் பக்கத்தில் காவல் இருக்கும்போது பாடுவது குறைவு, தனியாக இருக்கும்போது அதிகம். அவள் பாட்டைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டால் ஆண்கள் கிட்டே வருகிறார்கள். பாறை மேல் உட்கார்ந்து, பார்வைக்கு எட்டாத சரிவில் எங்கோ மேய்ந்துகொண்டிருப்பவனைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். ஐரோப்பாவில் நூறு நூற்றைம்பது வருஷமாகப் பறவைப் பாட்டைப் பற்றி எழுதியவர்கள் பாடுவது ஆண், கேட்பது பெண், தேர்ந்தெடுப்பதும் பெண் என்றுதான் வைத்திருந்தார்கள். பெண் பாடினால் ஏதோ ஹார்மோன் கோளாறு என்பதுபோல ஓரமாக ஒரு வரி இருக்கும்.

அந்த ஓரத்து வரி எப்படி மையத்துக்கு வந்தது என்பதுதான் ஒரு வாசகியாக எனக்குச் சுவாரசியம். லாங்மோர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அங்கே பெண் பறவைகள் பாடுவது தினசரிச் சங்கதி. அவரும் கரன் ஓடம் முதலான சிலரும் சேர்ந்து 2014இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். தகவல் கிடைத்த 323 பாடும் பறவை இனங்களைப் பார்த்ததில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது. இன்றிருக்கிற பாடும் பறவைகளுக்கெல்லாம் மூதாதையான பறவையிலும் பெண் பாடியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் ‘பெண் ஏன் பாடுகிறது’ என்று கேட்டதே தலைகீழ். சில இடங்களில் பெண் ஏன் பாட்டை நிறுத்தியது என்று கேட்டிருக்க வேண்டும். பறவைப் பாட்டைப் பற்றிய விதிகளை எழுதியவர்கள் அதிகமும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள், அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் ஆண் பறவைதான் பாடியது. அந்த ஜன்னலை உலகம் என்று எழுதிவிட்டார்கள். பெண் பறவையின் பாட்டைப் பற்றிய ஆய்வுகளில் முதல் ஆசிரியர்களாகப் பெண்கள் இருப்பது, பறவைப் பாட்டு ஆய்வுகளின் பொது விகிதத்தைவிடக் கணிசமாக அதிகம் என்று பிற்பாடு இன்னொரு கட்டுரை எண்ணிக் காட்டியது. ஆச்சரியமா இருக்கா? எனக்கு இல்லை.

தமிழில் பெண் பறவையின் பாட்டு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாரதியின் ‘குயில் பாட்டு’. மாஞ்சோலையில் பாடுவது பெண் குயில், கவிஞன் அதன்மேல் காதல் கொள்கிறான். இந்தக் கவிதையைப் பற்றிப் பேச்சு வந்தால் இயற்கை ஆர்வலர் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார், “கூவறது ஆண் குயில்தாங்க, பெண் குயில் கிக் கிக்னுதான் கத்தும்” என்று. தகவல் சரி. கறுப்பாக இருந்து கூவுவது ஆண், பழுப்பில் புள்ளி போட்டிருப்பது பெண். (குயில் விலங்கியல்படி பாடும் பறவை வரிசையிலேயே வராது என்பது இன்னொரு வேடிக்கை.) ஒரு காலத்தில் நானும் கையைத் தூக்கிய ஆள்தான். பாரதி தப்பு செய்துவிட்டார் என்று சொல்வதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆக்சென்டர் கட்டுரையை வாசித்த பிறகு ‘குயில் பாட்டை’த் திரும்ப எடுத்தேன். அதன் கதை உங்களுக்குத் தெரியும். குயில் கவிஞனிடம் காதல் சொல்கிறது. பிறகு அதே குயில் அதே காதலை ஒரு குரங்கிடம் சொல்லிக்கொண்டிருப்பதை அவன் ஒளிந்து பார்க்கிறான். அடுத்து ஒரு மாட்டிடம். அவனுக்கு வெறி ஏறுகிறது, வாளை வீசுகிறான். ஒரு பெண், ஒரு பாட்டு, கேட்பவர்கள் மூன்று பேர். கவிதையின் மொத்தப் பதற்றமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. குயில் கூவுமா, கத்துமா என்பதில் இல்லை.

அந்தக் கணக்கைக் கவிதை எப்படித் தீர்க்கிறது? முன்பிறவிக் கதை ஒன்று வருகிறது. குயில் வேடர் குலத்துப் பெண்ணாக இருந்தவள், கவிஞன் சேர நாட்டு இளவரசன், மாடனும் நெட்டைக்குரங்கனும் அவளை விரும்பியவர்கள். அவர்கள் இந்தப் பிறவியில் பேயாக வந்து, அவள் குரங்கிடமும் மாட்டிடமும் பேசுவதுபோல மாயம் காட்டினார்கள் என்கிறது குயில். அதாவது அவள் பாடவே இல்லை. அவன் கண்ணால் பார்த்தது பொய். அவள் நிரபராதி. பிறகு அதுவும் போதாதென்று எல்லாமே கனவு என்று கவிதை விழித்துக்கொள்கிறது. அதன் இசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே மூச்சில் வாசிக்க வைக்கிற கவிதை அது. குரங்கைப் புகழும் பகுதியில் இன்றைக்கும் வாய்விட்டுச் சிரிப்பேன். ஆனால் ஒரு பெண் குரல் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைச் சரிக்கட்ட இரண்டு பேய், ஒரு முனிவர், ஒரு பூர்வ ஜன்மம், ஒரு கனவு எல்லாம் தேவைப்படுகிறது. பாரதி பெண் விடுதலை பேசியவர் என்பதால் அவரிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேனோ என்னவோ. குயிலைப் பாட விட்டவரும் அவர்தான். பாடியது அவளல்ல என்று சொல்ல வைத்தவரும் அவர்தான். இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் முதலாவதில் உயிரியல் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

பிரனீஸ் சரிவில் அவளுக்குப் பேய் தேவைப்படவில்லை. பாறை மேல் ஏறி நின்று பாடுகிறாள், வருகிறவன் வருகிறான், யாரும் வாளை உருவவில்லை. தலைவன் விரட்டுகிறான்தான், ஆனால் அவனும் குஞ்சு பொரிந்த பிறகு வாயில் புழுவோடு வருகிறான்.

இந்த இடத்தில் என் கை பரபரத்தது. பழைய வாசகத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம். மலையுச்சி ராணி, தன் உடல் தன் பாட்டு, இந்த மாதிரி. முன்னைவிட அதிக இதயம் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தோழியிடம் சொன்னேன். “அத்தைய எறக்கிட்டு உன்னைய ஏத்தி வைக்கப்போற, அவ்ளோதானே?” என்றாள். அவள் சொன்னது உண்மை. அடக்கம் என்று நான் எழுதியபோது எதைச் செய்தேனோ அதைத்தான் மறுபடியும் செய்யப்போனேன். மோரிஸ் தன் சபைக்குப் பிரசங்கம் செய்தார், நான் என் ஃபாலோயர்களுக்குச் செய்ய இருந்தேன். அந்தப் பெண் பறவை சுதந்திரத்துக்காகப் பாடவில்லை. எப்போது மறுபடி பனி கொட்டுமோ தெரியாத இடத்தில், வாய் பிளந்து கத்தப்போகிற குஞ்சுகளுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பதற்காகப் பாடுகிறாள். பக்கத்துப் பாறைக்காரியின் பங்கையும் பறிக்கப் பாடுகிறாள். அவள் யாருக்கும் கொடி பிடிக்கவில்லை.

அப்படியென்றால் ஆய்வுக் கட்டுரையின் மொழிதான் சுத்தமான மொழி என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியவில்லை. பிரனீஸ் கட்டுரைகளின் வினைச்சொற்களை நோட்டில் எழுதி வைத்தேன். காவல் காக்கிறான், உதவுகிறான், இணங்கக் கேட்கிறாள். ‘உதவுகிறான்’ என்ற சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல். அது அவன் குஞ்சாகவும் இருக்கலாம் என்று அதே கட்டுரை சொல்கிறது. தன் பிள்ளைக்குச் சோறூட்டுவது எப்படி உதவி ஆகும்? வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு “உனக்கு ஹெல்ப் பண்ணேன்” என்று சொல்கிற குரல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே வைத்ததில்லை, அவர்கள் துறையில் அது ஒரு கலைச்சொல். ஆனால் கலைச்சொல்லும் யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்து புறப்பட்டு வந்ததுதான்.

தமிழில் எழுத உட்கார்ந்தால் தொல்லை இன்னும் கூடுகிறது. ஜோடிக்கு வெளியே சேர்வதைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நம் தினசரிகளிடம் கேட்டால் ‘கள்ளக்காதல்’ என்று எடுத்துக் கொடுப்பார்கள். உடனே ஒரு வெட்டுக்குத்துச் செய்தியின் வாடை. சங்க மரபில் ‘களவு’ என்ற சொல் இருக்கிறது, ஊருக்குத் தெரியாமல் நடக்கும் காதல், அதில் இழிவு இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் கற்பு வந்தாக வேண்டும், கல்யாணத்தில் போய் முடிய வேண்டும். பிரனீஸில் அப்படி எதுவும் முடிவதில்லை. கடைசியில் ‘சேர்கிறது’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் பாருங்கள், அதையே எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறேன் என்று. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பாதிக்கு மேல் எழுதும்போது ‘அது’ போய் ‘அவள்’, ‘அவன்’ வந்துவிட்டது. திருத்தலாமா என்று யோசித்து அப்படியே விட்டுவிட்டேன். ‘அது’ என்று எழுதிய இடங்களில்தான் எனக்கு அடக்கமும் பணிவும் தெரிந்தன.

சங்கக் கவிதை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குறுந்தொகையில் கபிலர் பாட்டில் தலைவி சொல்வாள், அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சி என்று வேறு யாருமில்லை, ஒரு குருகுதான் இருந்தது என்று. அந்தக் குருகும் இவர்களைப் பார்க்கவில்லை, ஓடும் தண்ணீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. மெல்லிய கால், நீர், மீன். அது ஒழுக்கத்துக்கும் உதாரணமாகவில்லை, ஒழுக்கக்கேட்டுக்கும் ஆகவில்லை. அதற்குப் பசி. பறவையை அதன் வேலையில் விட்டுவிட்டு எழுத முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். அதனாலேயே அந்தத் தலைவியின் தனிமை நமக்கு இன்னும் அதிகமாக உறைக்கிறது.

ஆக்சென்டர் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் ‘கூடச் சேர்ந்து பாடுபவர்’ என்று பொருள். பாடகர் என்ற சொல்லோடு ‘கூட’ என்பதற்கான முன்னொட்டு சேர்ந்து உருவான சொல். வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, தொண்ணூறுகளில் அது பொருந்திப் போனது. பறவையின் அறிவியல் பெயரின் பின்பாதிக்கு அர்த்தம் ‘கழுத்துப்பட்டை’. தொண்டையில் உள்ள அந்தப் பொடிப் புள்ளிகளுக்காக. ஸ்கோபோலி கழுத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் குரலைக் கேட்டுப் பெயர் வைத்தார். நான் முதலில் உடையைப் பார்த்தேன்.

நாற்பது வினாடி வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. அந்த வாசகத்தை மட்டும் நீக்கினேன். முதலில் பறவை பிஸ்கெட் தூளைக் கொத்துகிறது. இருபதாவது வினாடியில் பக்கத்துக் கல்லில் ஏறுகிறது. காற்று இரைச்சலுக்கு நடுவே, தண்ணீர் சலசலக்கிற மாதிரி, இடையிடையே கிறீச்சிட்டு, ஒரு பாட்டு. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், காலில் வளையம் இல்லை, அந்த வீடியோவை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தொன்றாவது வினாடியில் என் குரல் கேட்கிறது, தெளிவாக, கொஞ்சம்கூடத் தயங்காமல்:

“ஏய், பாடறான் பாரு!”